அப்ரிடி என்பது யார் பெயர்?

போன மாதம் திருச்சி வாசகர் ஒருவர், "வெளிநாட்டில் உங்களுக்குக் கிடைத்த நல்ல நண்பர் யார்?" என்று கேட்டிருந்தார். ஷார்ஜாவில் ஒரு லாரி கம்பெனியில் நான் டைம் கீப்பராக இருந்த காலத்தில், பதினோரு வருடம் அடுத்த அறையில் இருந்த டிரெய்லர் டிரைவரைப் பற்றி நாலு வரி எழுதினேன். கைபர் கணவாய்ப் பக்கத்து அப்ரிடி அவர். நாங்கள் எல்லோரும் 'லாலா' என்று கூப்பிடுவோம். அவர்கள் மொழியான பஷ்தோவில் அண்ணன் என்று அர்த்தம். அந்த நாலு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. இந்த மாதப் பக்கம் முழுக்க அந்தக் கேள்விகளுக்கே.

*ஷாஹித் அப்ரிடி, ஷாஹீன் அப்ரிடி இருவரும் அண்ணன் தம்பியா?*
— கல்லூரி மாணவர், விருதுநகர்

இல்லை தம்பி. இருவரும் பாகிஸ்தான் கிரிக்கெட் வீரர்கள். 2023-இல் ஷாஹித்தின் மகளை ஷாஹீன் மணந்துகொண்டார், ஆகவே இப்போது மாமனார், மருமகன். ஆனால் கல்யாணத்துக்கு முன்பும் இருவரும் அப்ரிடிதான். அது ஒரு வீட்டின் பெயரல்ல, ஒரு குலத்தின் பெயர். ஷாஹீன் கைபர் கணவாயின் உச்சியில் இருக்கும் லண்டி கோட்டல்காரர். ஷாஹித்தின் பூர்வீகமும் அந்த மலைதான், வளர்ந்தது கராச்சியில்.

1999 ஜனவரியில் சேப்பாக்கம் டெஸ்டில் ஷாஹித் 141 அடித்ததும், பாகிஸ்தான் 12 ரன்னில் ஜெயித்ததும், நம் ஜனம் எழுந்து நின்று அவர்களுக்குக் கை தட்டியதும் உங்கள் அப்பாவுக்கு ஞாபகம் இருக்கும். அந்த மேட்சின் கடைசி நாளை லாலாவின் அறையில்தான் பார்த்தேன். கைதட்டல் கேட்டதும் லாலா டிவியை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "இது உங்க ஊர் ஜனமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். எழுந்து வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார், வேறொன்றும் சொல்லவில்லை. அன்று ராத்திரி அவர் அறையில்தான் எனக்குச் சாப்பாடு.

இன்னொரு அப்ரிடியையும் சொல்லிவிடுகிறேன். 1967 முதல் 1969 வரை நம் குடியரசுத் தலைவராக இருந்து, பதவியிலேயே காலமான டாக்டர் ஜாகிர் உசேன். அவருடைய முன்னோர் உத்தரப் பிரதேசத்துக் காயம்கஞ்சில் குடியேறிய அப்ரிடிகள். லக்னோவுக்குப் பக்கத்தில் மாம்பழத்துக்குப் பேர்போன மலிஹாபாத்திலும் அப்ரிடிக் குடும்பங்கள் உண்டு.

பெயரை எப்படி எழுதுவது என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். ஆய்த எழுத்துப் போட்டு 'அஃப்ரிடி' என்று எழுதினால்தான் சரி என்று நினைக்க வேண்டாம். பஷ்தோவில் அசலாக அந்த ஒலி கிடையாது. லாலா வாயில் அது எப்போதும் 'அப்ரிதே'தான். நம் பகரம் அவர்கள் உச்சரிப்புக்கே நெருக்கம்.

*குலம் என்றால் நம் சாதி போலவா?*
— ஆசிரியை, கும்பகோணம்

பாதி ஆம், பாதி இல்லை. பஷ்தூன்கள், அதாவது நாம் பட்டாணியர் என்கிறவர்கள், எல்லோரும் ஒரு தகப்பன் வழி வந்தவர்கள் என்பது அவர்கள் நம்பிக்கை. அந்த மரத்தின் கிளைகள்தான் யூசுப்ஸை, கட்டக், மொமந்து, ஷின்வாரி, அப்ரிடி எல்லாம். 'ஸை' என்றால் பிள்ளைகள். 'கெல்' என்றால் கிளை. அப்ரிடிக்குள் எட்டு கெல்: ஆதம், அகா, கமர், கம்பர், குக்கி, மாலிக்தீன், சிபா, ஸக்கா. லாலா கம்பர் கெல்.

ஒரு வியாழக்கிழமை ராத்திரி, வெல்லத்தைக் கடித்துக்கொண்டு பச்சைத் தேநீர் குடித்தபடி, அவர் தன் தகப்பன்மார் பெயரை விரல் மடக்கிச் சொன்னார். ஏழு விரல் மடங்கியது. "நீ சொல்லு" என்றார். எனக்குப் பாட்டனாருக்கு அப்பா பெயரோடு நின்றுவிட்டது. அவர் திகைத்துப் போனார். "அப்புறம் உன் நிலம் உன்னுடையது என்று எப்படிச் சொல்வாய்?" என்று கேட்டார். எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. நமக்குப் பட்டா, சிட்டா இருக்கிறது. அந்த மலையில் பதிவேடு கிடையாது. யாருடைய மகன், எந்த கெல்லின் எந்தக் கிளை என்பதுதான் உங்கள் வயலுக்கும், தண்ணீருக்கும், மேய்ச்சலுக்கும், காட்டு விறகுக்கும் பத்திரம். நாம் வெறும் பெருமை என்று நினைக்கிற வம்சாவளி அவர்களுக்குச் சொத்து ஆவணம்.

அந்த நிலமும் ஓரிடத்தில் இல்லை. கோடையில் திரா என்ற உயரமான பள்ளத்தாக்கு. அதன் நடுவில் விரிந்த சமவெளிக்கு மைதான் என்றே பெயர். பனி விழத் தொடங்கினால் ஆடு மாடு, பெண்டு பிள்ளைகளோடு பாராவுக்கும் பெஷாவரை ஒட்டிய கஜூரிச் சமவெளிக்கும் இறங்கி வருவார்கள். ஆதம் கெல் மட்டும் இப்படி இடம் மாறாதவர்கள். பெஷாவருக்கும் கோஹாட்டுக்கும் நடுவே தர்ராவில் இருப்பார்கள். துப்பாக்கிப் பட்டறைகளால் உலகத்துக்குத் தெரிந்த ஊர் அதுதான்.

பாதி ஆம் என்றேனே, அதையும் சொல்ல வேண்டும். அந்த ஊர்களில் நாவிதர், கொல்லர், மேளக்காரர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தும், வம்சாவளியில் இடமில்லை, ஆகவே நிலத்தில் பங்கும் இல்லை. பெண் கொடுத்து எடுப்பதிலும் அந்தக் கோடு தாண்டப்படுவது அபூர்வம். லாலாவிடம் இதைக் கேட்டபோது அவர் பதில் சொல்லாமல் தேநீரை ஊற்றினார். சமத்துவக் குலம் என்று வெள்ளைக்காரன் எழுதி வைத்ததை நான் அப்படியே ஏற்காததற்கு அந்த மௌனமும் ஒரு காரணம்.

*பட்டாணியர் இஸ்ரேலின் தொலைந்துபோன கோத்திரம் என்று வாட்ஸப்பில் வந்தது. உண்மையா?*
— வாசகர், தூத்துக்குடி

அந்தக் கதைக்கு வயது நானூறு. ஜஹாங்கீர் அரசவையில், ஆப்கானியப் பிரபு கான் ஜஹான் லோடியின் ஆதரவில், நிமத்துல்லா என்பவர் 1613 வாக்கில் பாரசீகத்தில் ஆப்கானியர் வரலாறு ஒன்று எழுதினார். இஸ்ரவேலின் அரசன் சவுலிலிருந்து வம்சத்தைத் தொடங்கி, நபிகள் காலத்தில் இஸ்லாத்தைத் தழுவிய கைஸ் அப்துர் ரஷீத் வரை கொண்டுவந்து, அவருடைய மூன்று பிள்ளைகளிலிருந்து பஷ்தூன் குலங்களைப் பிரித்தது அந்த நூல். மொகலாய அவையில் ஈரானியரும் துருக்கியரும் தங்கள் வம்சப் பெருமை பேசும்போது ஆப்கானியருக்கும் ஒன்று தேவைப்பட்டிருக்கிறது. எனக்கு அப்படித்தான் படுகிறது.

மொழி வேறு கதை சொல்கிறது. பஷ்தோ கிழக்கு ஈரானிய மொழி. ஹீப்ருவின் குடும்பமே வேறு.

கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸ் பாரசீகப் பேரரசின் குடிகளைப் பட்டியலிடும்போது 'அபரிட்டை' என்று ஒரு ஜனத்தைச் சொல்கிறார். அது அப்ரிடிதான் என்று கிரியர்சன், ஆரல் ஸ்டைன் போன்ற ஆய்வாளர்கள் கருதினார்கள். பெயர் ஒலிக்கிறது, ஆனால் அந்த ஒலியைத் தவிர வேறு சான்றில்லை. இரண்டாயிரத்து ஐந்நூறு வருடத்தை ஒரு பெயரை மட்டும் வைத்துத் தாண்டுவதற்கு எனக்கு மனம் வரவில்லை.

எனக்குப் பிடித்தது அவர்களே சொல்லும் இன்னொரு கதை. அப்ரிடி, கட்டக், ஒரக்ஸை, வஸீர் எல்லாம் கர்லானி என்ற பிரிவு. அந்தக் கர்லான் கைஸின் ரத்தமே இல்லையாம். கூடாரம் பெயர்த்துப் போன இடத்தில் அண்ணன் தம்பி இருவர் போகிறார்கள். ஒருவனுக்குக் கிடைத்தது அநாதைக் குழந்தை, மற்றவனுக்கு ஒரு இரும்புக் கடாய். கடாயைக் கொடுத்துக் குழந்தையை வாங்கிக்கொண்டானாம். கடாய்க்கு மாற்றிய பிள்ளை, ஆகவே கர்லான். ரத்தத்தை இவ்வளவு பெரிதாகப் பேசும் ஜனம், தங்களில் ஒரு பெரும்பிரிவே தத்துப்பிள்ளையின் வம்சம் என்று சொல்லிக்கொண்டு அவர்களைச் சமமாக வைத்திருக்கிறது. இஸ்ரவேல் கதையைவிட எனக்கு இது பெரிதாகப் படுகிறது.

*அப்ரிடிகள் கைபர் கணவாயில் வழிப்பறி செய்து பிழைத்தவர்கள் என்றுதானே படித்திருக்கிறோம்?*
— ஓய்வு பெற்ற தாசில்தார், மதுரை

ஐயா, படித்தது யார் எழுதியது என்று முதலில் பார்க்க வேண்டும். கணவாயைக் கடந்து போனவர்கள் எழுதினார்கள். கணவாயில் குடியிருந்தவர்கள் எழுதவில்லை. கொள்ளை நடந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு முன் ஒரு கணக்கு இருக்கிறது. வழி எங்கள் மண், காவல் எங்கள் ஆள், கடந்து போகிறவன் கூலி கொடுக்க வேண்டும் என்பது அவர்கள் நியாயம். மொகலாயர் கொடுத்தார்கள். 1881-இல் ஆங்கிலேயர் ஒப்பந்தம் போட்டு வருடாந்தரப் பணம் கொடுத்தார்கள். அதற்கு மவாஜிப் என்று பெயர். தனிப்பட்ட தலைவனுக்குத் தரும் பணத்துக்கு 'லுங்கி' என்று பெயர். அங்கே லுங்கி என்றால் தலைப்பாகை. வாரத்தில் குறித்த நாளில் ஒட்டகச் சரக்கெல்லாம் கைபர் ரைபிள்ஸ் காவலோடு போகும். காவல்காரர்களில் பெரும்பாலோர் அப்ரிடிகள்தான்.

கணக்கு முறிந்தால் என்ன ஆகும் என்பதற்கு 1672 ஒன்று போதும். காபூல் சுபேதார், அதாவது மாகாண ஆளுநர், முகம்மது அமீன் கான், கோல்கொண்டாவிலிருந்து மொகலாயர் பக்கம் போன மீர் ஜும்லாவின் மகன். பெரும்படையோடு கைபரில் நுழைந்தார். அப்ரிடிகள் மேலே இருந்தபடி ஓடைத் தண்ணீரை மறித்துவிட்டார்கள். தாகத்தில் தவித்த படையின் மேல் பாறைகள் உருண்டன. பத்தாயிரம் பேர் மாண்டதாக அக்காலக் குறிப்புகள் சொல்கின்றன. சுபேதார் தப்பினார், அவர் வீட்டுப் பெண்கள் பிடிபட்டு, பின்னால் பணம் கொடுத்து மீட்கப்பட்டார்கள். மொமந்து குலத்தின் ஐமல் கான், அப்ரிடி தர்யா கான், கட்டக் குலத்துக் கவிஞர் குஷால் கான் மூவரும் சேர்ந்துகொள்ள, எல்லையே பற்றி எரிந்தது. 1674-இல் ஔரங்கசீப் தாமே ஹசன் அப்தாலுக்கு வந்து ஒன்றரை வருடம் போல் தங்கினார். வாளால் முடியாததைக் கடைசியில் பணத்தாலும், ஒரு குலத்தை இன்னொன்றோடு மோத விட்டும்தான் சமாளித்தார்கள்.

இது நமக்கு எங்கே தொடுகிறது தெரியுமா? மொகலாயரின் நல்ல படைகள் தக்காணத்திலிருந்து வடமேற்குக்கு இழுக்கப்பட்டதால் சிவாஜிக்கு மூச்சு விட இடம் கிடைத்தது என்கிறார் வரலாற்றாசிரியர் ஜதுநாத் சர்க்கார். 1674 ஜூனில் முடிசூட்டு. 1677-இல் அதே சிவாஜி செஞ்சிக் கோட்டையில் வந்து நிற்கிறார். செஞ்சி மலைமேல் ஏறி நிற்கும்போதெல்லாம் எனக்குக் கைபர் ஓடையின் ஞாபகம் வரும்.

*என் கொள்ளுத் தாத்தா மெட்ராஸ் சாப்பர்ஸில் இருந்தவர். அவருடைய பதக்கத்தில் 'திரா 1897–98' என்று ஒரு பட்டை இருக்கிறது. நீங்கள் சொல்லும் திரா அதுதானா?*
— வாசகி, வேலூர்

அதேதான் அம்மா. அந்தப் பதக்கத்தைப் பத்திரமாக வையுங்கள். பட்டை கறுக்காமல் இருக்கத் துணியில் சுற்றி வையுங்கள், பாலிஷ் போடாதீர்கள்.

1893-இல் ஆப்கானிஸ்தானுக்கும் ஆங்கில இந்தியாவுக்கும் நடுவே டூராண்டு கோடு போட்டார்கள். பிறகு உப்பு வரியை உயர்த்தினார்கள். ஒரக்ஸை மலையான சமானாவின் மேல் ஏற்கெனவே கோட்டை கட்டியிருந்தார்கள். 1897 ஆகஸ்டில் அப்ரிடிகள் எழுந்து கைபரின் காவல் நிலைகளையும் லண்டி கோட்டல் கோட்டையையும் பிடித்தார்கள். கோட்டைக்குள் துப்பாக்கி ஏந்தி நின்ற கைபர் ரைபிள்ஸில் பலர் அவர்களுடைய அண்ணன் தம்பிகள், மாமன் மச்சான்கள். செப்டம்பர் 12 அன்று சாராகரியில் 21 சீக்கியச் சிப்பாய்கள் கடைசி ஆள் வரை போராடி மடிந்தது இதே போரில்தான். எதிரில் நின்றவர்கள் ஒரக்ஸையும் அப்ரிடியும்.

பிறகு ஜெனரல் லாக்ஹார்ட் தலைமையில் முப்பத்தைந்தாயிரம் அளவுக்குப் படை திராவுக்குப் போனது. அதில் மெட்ராஸ் சாப்பர்ஸும் உண்டு. 'திரா' இன்றும் அந்தப் படைப்பிரிவின் போர்ச் சிறப்புகளில் ஒன்று. சாப்பர்ஸ் வேலை பாதை வெட்டுவது, பாலம் போடுவது. திராவில் படைக்கு இன்னொரு வேலையும் இருந்தது. ஒவ்வொரு வீட்டிலும் மண்ணும் கல்லுமாக ஒரு காவல் கோபுரம் நிற்கும், அதை வெடி வைத்துத் தகர்ப்பது. குதிர்களில் இருந்த தானியத்தை எடுத்துக்கொண்டு வீடுகளைக் கொளுத்தினார்கள். வால்நட் மரங்களை வெட்டினார்கள். டிசம்பரில் பனிக்கு முன் இறங்கியபோது வழியெல்லாம் அப்ரிடிகள் பின்னால் வந்து சுட்டார்கள். அப்ரிடிகளுக்கு விதித்த தண்டம் 50,000 ரூபாயும் 800 துப்பாக்கிகளும்.

உங்கள் கொள்ளுத் தாத்தா சோற்றுக்காகப் போனவர். வட ஆற்காட்டில் அப்போது பஞ்சத்தைப் பார்த்த தலைமுறை அது. அவர்மேல் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் லாலாவின் பாட்டி, தன் மாமியார் சொன்னதாக ஒன்று சொல்வாராம்: அந்த வருஷம் பனியில் குழந்தைகளை எருமைகளுக்கு நடுவே படுக்க வைத்தார்கள், சுவர் மட்டும்தான் நின்றது, கூரை இல்லை. பதக்கத்தை உங்கள் பேரப் பிள்ளைகளுக்குக் காட்டும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள் அம்மா.

*பழிக்குப் பழி அவர்கள் தர்மம் என்கிறார்கள். அப்படிப்பட்டவர்களோடு எப்படிப் பயமில்லாமல் இருந்தீர்கள்?*
— வாசகர், ஈரோடு

பழிக்கு அவர்கள் சொல் பதல். அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு சொல் இருக்கிறது, நனவாத்தை. உள்ளே வருதல் என்று பொருள். தப்பு செய்தவன் எதிரியின் வாசலைத் தானே கடந்து உள்ளே வந்து நிற்பது. நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன்.

எங்கள் கேம்ப்பில் 2003 வாக்கில் டயர் மாற்றும்போது இரண்டு பட்டாணிப் பையன்களுக்குள் வாய்த்தகராறு. ஒருவன் ஜாக்கிக் கம்பியால் அடித்து மற்றவனின் மணிக்கட்டு எலும்பு முறிந்தது. அடித்தவன் ஷின்வாரி, அடிபட்டவன் அப்ரிடி. நான் அறிக்கை எழுதி, இருவரிடமும் கையெழுத்து வாங்கி, சூப்பர்வைசரிடம் கொடுத்துவிட்டு, முடிந்தது என்றிருந்தேன். லாலா வந்து அந்தக் காகிதத்தைப் பார்த்தார். "இதில் முடியாது. இது ஊருக்குப் போகும். அங்கே இவன் தம்பி இருக்கிறான், அவன் மாமன் இருக்கிறான்" என்றார்.

மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. ஜும்மா முடிந்து, அடித்தவனின் சித்தப்பா அஜ்மானிலிருந்து ஒரு பிக்கப்பில் வந்து இறங்கினார். வண்டியில் ஒரு செம்மறிக் கிடா. அடித்த பையன் தலையில் தொப்பி இல்லை, காலில் செருப்பு இல்லை. மே மாத வெயிலில் கேம்ப் சிமெண்டுத் தரை எப்படி இருக்கும் என்று வளைகுடாவில் இருந்தவர்களுக்குத் தெரியும். அவன் வேகமாக நடக்கவில்லை. அடிபட்டவனின் அறை வாசலில் கிடாவைக் கட்டிவிட்டு, உள்ளே போய், தரையில் உட்கார்ந்தான். யாரும் மன்னிப்பு என்ற சொல்லையே சொல்லவில்லை. கட்டுப் போட்ட கையோடு இருந்த பையன் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு இடது கையால் தன் தொப்பியை எடுத்து அவன் தலையில் வைத்தான். அவ்வளவுதான். கிடா அன்றைக்கே அறுபட்டது. உப்பும் கொழுப்பும் மட்டும் போட்டு வெந்த கறி. நானும் சாப்பிட்டேன்.

வாசலுக்குள் வந்து நின்றவனை மறுப்பது, அவர்கள் கணக்கில், அடித்ததைவிடப் பெரிய இழிவு. ஊரில் பெரிய பகையென்றால் ஜிர்கா என்ற பெரியவர்கள் சபை கூடி 'தீகா' வைக்கும். தீகா என்றால் கல். கல் வைத்த நாளிலிருந்து குறித்த காலம் வரை யாரும் சுடக் கூடாது.

இந்த வழக்கத்தை நான் தூக்கிப் பிடிப்பதாக நினைக்க வேண்டாம். 1923 ஏப்ரலில் கோஹாட்டில், தன் வீட்டுச் சோதனையில் பெண்களுக்கு அவமானம் நேர்ந்ததென்று அஜப் கான் அப்ரிடி ஒரு ஆங்கில அதிகாரியின் வீட்டில் புகுந்தார். அதிகாரியின் மனைவியைக் கொன்று, 17 வயது மகள் மாலி எல்லிஸைத் திராவுக்குத் தூக்கிப் போனார்கள். அங்கே அவரை மானமாக நடத்தினார்கள் என்று பாட்டுக் கட்டிப் பாடுகிறார்கள். தாயைக் கொன்றது பாட்டில் அடங்குமா? எனக்கு அடங்கவில்லை. அந்தப் பெண்ணை மீட்க மலைக்குள் போனவர் லிலியன் ஸ்டார், பெஷாவர் மிஷன் ஆஸ்பத்திரி நர்ஸ். அவருடைய கணவர், அதே ஆஸ்பத்திரி டாக்டர், சில வருடம் முன்பு ஒரு பஷ்தூன் பழிக்குப் பலியானவர். அந்தக் கதையில் என் வணக்கம் அவருக்குத்தான்.

*1947-இல் காஷ்மீரில் புகுந்து பாரமுல்லாவைச் சூறையாடியது இவர்கள்தானே?*
— முன்னாள் ராணுவ வீரர், தேனி

ஆம். வஸீர், மஹ்சூத், மொமந்து குலத்தாரோடு அப்ரிடிகளும் அந்த லஷ்கரில், அதாவது குலப்படையில், இருந்தார்கள். பாரமுல்லாவில் நடந்ததற்கு எந்தச் சமாதானமும் இல்லை.

அதற்குப் பதினேழு வருடம் முன்னால், 1930 ஏப்ரல் 23-இல், பெஷாவர் கிஸ்ஸா குவானி பஜாரில் கான் அப்துல் கப்பார் கானின் ஆயுதமில்லாத தொண்டர்களை ஆங்கிலேயர் சுட்டார்கள். கார்வால் சிப்பாய்கள் சுட மறுத்துச் சிறை போனார்கள். அந்தக் கோடையில் அப்ரிடி லஷ்கர்கள் பெஷாவர்மேல் இறங்கின, ஆகஸ்டில் ராணுவச் சட்டம் வந்தது. அன்றைக்கு அவர்கள் வந்தது காங்கிரஸ் கைதிகளுக்காகவும்தான். இதையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

*தமிழ்நாட்டில் பட்டாணியர் வந்தது எப்போது?*
— வாசகர், ஆற்காடு

பல காலம், பல வழி. ஒரு பெயர் மட்டும்: தாவூத் கான் பன்னி. பன்னி என்பது இன்னொரு பஷ்தூன் குலம், அப்ரிடி அல்ல. ஔரங்கசீப்பின் தளபதியாக, அப்போது கர்நாடகம் என்று சொன்ன நம் பக்கத்துக்கு வந்து, 1702-இல் சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டார். பின்னால் 1708-இல் திருவொற்றியூர், நுங்கம்பாக்கம் முதலான ஐந்து கிராமங்களை ஆங்கிலேயருக்குக் கொடுத்ததும் அவரே. கடன் வசூலுக்குத் தடியோடு வந்து நின்ற ஈட்டிக்காரனை நம் பாட்டிகளுக்குத் தெரியும். ஒரு ஜனத்தை நாம் அறிந்தது வட்டிக்காரனாக மட்டும் என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

*ஜிர்கா, கெல், லஷ்கர், எல்லாம் ஆண்கள். பெண்கள் எங்கே?*
— ஆய்வு மாணவி, புதுச்சேரி

இந்தக் கேள்விக்காகத்தான் இந்த மாதம் எழுத உட்கார்ந்தேன் என்று சொல்லலாம்.

லாலா மடக்கிய ஏழு விரலில் ஒரு தாய் இல்லை. ஜிர்காவில் பெண் உட்கார்வதில்லை. கொலைப்பழியைத் தீர்க்க, கொன்றவன் வீட்டுச் சிறுமியை எதிரி வீட்டுக்கு மணம் செய்து கொடுக்கும் ஸ்வாரா என்ற வழக்கம் இருந்தது. சட்டம் தடை செய்த பிறகும் முற்றிலும் ஒழியவில்லை. ஆண்களின் சண்டைக்குப் பத்து வயதுப் பிள்ளையை விலையாகக் கொடுப்பதை எந்த மரபின் பெயராலும் நான் ஏற்க மாட்டேன். லாலாவிடமே சொல்லியிருக்கிறேன்.

அவர்களுக்கென்று ஒரு குரல் இருக்கிறது. லண்டை என்ற இரண்டடிப் பாட்டு. முதலடி ஒன்பது அசை, இரண்டாமடி பதின்மூன்று. தண்ணீர்த் துறையில், கல்யாண வீட்டில் பெண்கள் பாடுவது, கட்டியவள் பெயர் இருக்காது. வெளிநாடு போன புருஷனைத் திட்டும், கோழைக் காதலனைப் பரிகசிக்கும், கிழவனுக்குக் கட்டிக் கொடுத்த அப்பனைச் சபிக்கும். நம் தாலாட்டிலும் ஒப்பாரியிலும் எத்தனை மனசாட்சி இருக்கிறதோ அத்தனையும் அதில் உண்டு. லாலாவின் கேசட் ஒன்றில் இவை இருந்தன. ஒருமுறை பாட்டு ஒன்றுக்கு அர்த்தம் கேட்டேன். பிளேயரை நிறுத்திவிட்டு, "இது பெண்கள் எங்களைச் சொல்வது" என்றார், அர்த்தம் சொல்லவில்லை.

பதினோரு வருடத்தில் அவர் மனைவியின் பெயர் எனக்குத் தெரியவில்லை. 'பிள்ளைகளின் தாய்' என்றுதான் சொல்வார். கேட்பதும் முறையில்லை. அந்த அம்மா எனக்காக ஒவ்வொரு லீவுக்கும் வால்நட் கொடுத்தனுப்புவார், ஒரு வெள்ளைத் துணிப் பையில், வாயை நூலால் தைத்து. அந்தத் தையல் மட்டும்தான் அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது.

*இன்றைய அப்ரிடிகள் நிலை என்ன? உங்கள் லாலா எங்கே?*
— பலர்

லண்டி கோட்டல் முகாமில் ஒரு ஆலமரம் சங்கிலியில் கட்டப்பட்டு நிற்கிறது. 1898-இல் போதையில் இருந்த ஒரு ஆங்கில அதிகாரிக்கு அது நகர்வது போலத் தெரிந்ததாம், கைது செய்யச் சொன்னாராம். 'நான் கைதியாக இருக்கிறேன்' என்று பலகை மாட்டியிருக்கிறது. அந்த ஊர்க்காரர்கள் இதைச் சிரிப்பதற்குச் சொல்வதில்லை. 1901-இல் ஆங்கிலேயர் போட்ட எல்லைக் குற்றச் சட்டத்தை நினைத்துச் சொல்கிறார்கள். ஒருவன் தப்பு செய்தால் அவன் குலம் முழுவதையும் பிடிக்கலாம், வீட்டை இடிக்கலாம், கடைகளைப் பூட்டலாம். அபீல், வகீல், தலீல் மூன்றும் இல்லை, அதாவது மேல்முறையீடு இல்லை, வக்கீல் இல்லை, வாதம் இல்லை. பாகிஸ்தான் பிறந்த பிறகும் அந்தச் சட்டம் எழுபது வருடம் இருந்தது. வயது வந்தோர் எல்லோருக்கும் வாக்குரிமை வந்ததே 1996-இல். 2018 மே மாதம் 25-வது அரசியல் சட்டத் திருத்தம் வந்து, பழங்குடிப் பகுதிகள் கைபர் பக்தூன்குவா மாகாணத்தோடு சேர்ந்தன.

நடுவில் தீவிரவாதிகள் வந்தார்கள், அவர்களைத் தேடி ராணுவம் வந்தது. 2009-இல் பாரா சந்தை மூடப்பட்டது. லாலாவின் அண்ணனுக்கு அங்கே துணிக்கடை. குடும்பம் நௌஷேரா பக்கத்து ஜலோசாய் முகாமில் கூடாரத்தில் கிடந்தது. அந்த வருடம்தான் லாலா கணக்கை முடித்துக்கொண்டு ஊருக்குப் போனார். விமான நிலையத்துக்கு நான்தான் கொண்டுபோய் விட்டேன். நஸ்வார் என்ற புகையிலைப் பொடி வைக்கும் சின்ன டப்பா, மூடியில் கண்ணாடி பதித்தது, அதை என் சட்டைப் பையில் போட்டுவிட்டுப் போனார். எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது என்று அவருக்குத் தெரியும்.

2016 பிப்ரவரியில் சந்தை திறந்தபோது பேசினார். கடையின் ஷட்டரைத் தூக்க முடியவில்லையாம், ஆறரை வருடத் துரு. வெல்டரைக் கூப்பிட்டு அறுத்துத் திறந்தார்களாம். உள்ளே துணிக்கட்டுகள் அடுக்கியபடியே இருந்தன, தொட்டால் பொடியானது என்றார். வீட்டுக்குக் கூரை போட்டாயிற்று. மகள் பத்தாவது பாஸ் செய்திருக்கிறாள், பெஷாவரில் காலேஜ் சேர்க்க வேண்டும், ஊரில் நாலு பேர் பேசுகிறார்கள், நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டார். சேர்த்துவிடுங்கள் லாலா என்றேன். சேர்த்துவிட்டார்.